வாசல்காரர் பார்க்காத கோல்

அந்தக் கோலைப் பார்க்காதவர்கள் இந்த நகரத்தில் இருக்கிறார்களா என்று கேட்டால், கைக்குழந்தைகளைத் தவிர யாரும் கிடையாது என்றுதான் சொல்வார்கள். உலகமே பார்த்த இறுதி ஆட்டம். டீக்கடை, சலூன், வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்கும் இடம் என்று ஒன்று விடாமல், மாதக்கணக்கில் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுத் தேய்த்தார்கள். அப்படியும் ஒருவர் அதை இன்றுவரை பார்க்கவில்லை. இத்தனைக்கும் அது விழுந்தபோது அவர் அந்த மைதானத்துக்குள்ளேதான் நின்றிருந்தார். பந்து வலைக்குள் போன இடத்துக்கும் அவருக்கும் நடுவே இருந்தது ஒரு விளம்பரப் பலகை மட்டும்தான். ஆனால் அவர் முகம் வேறு பக்கம் இருந்தது.

அதுதான் அவர் வேலை. மைதானத்தில் கூட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கு முதல் நாள் சொல்லித்தரும் பாடமே, ஆட்டத்தைப் பார்க்காதே என்பதுதான். மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு, புல்தரை முதுகுக்குப் பின்னால் இருக்க, பார்க்க வந்தவர்களைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பின்னால் என்ன கூத்து நடந்தாலும் தலை திரும்பக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இது பெரிய கொடுமை. முதல் கோலுக்கே கழுத்து தானாகத் திரும்பிவிடும். அப்படிப்பட்டவர்களை அடுத்த ஆட்டத்துக்கு வண்டி நிறுத்தும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வாசல்காரருக்கு அந்தத் தொல்லை இருந்ததே இல்லை. ஒரு பந்துக்கு ஏன் இத்தனை பேர் அடித்துக்கொள்கிறார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கூட்டம்தான் விளங்கியது.

கூட்டம் அவருக்கு முகம் பார்த்துப் பழகிய உறவுக்காரர் மாதிரி. நன்றாகக் கத்திக்கொண்டிருக்கும் ஒரு பகுதி திடீரென்று பேச்சடங்கினால் அவர் காது விடைத்துக்கொள்ளும். நெருக்கத்தில் நிற்பவர்கள் கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் கொண்டுவந்தால், இன்னும் கொஞ்ச நேரத்தில் அங்கே மூச்சு முட்டப்போகிறது என்று அர்த்தம். முன்வரிசையைப் பார்த்து ‘தள்ளாதீங்க’ என்று தொண்டை கிழியக் கத்திப் பயனில்லை, பாவம், அவர்களா தள்ளுகிறார்கள்? பின்னால் போய் அங்கே நிறுத்த வேண்டும். மஞ்சள் சட்டை போட்டவன் என்ன நடந்தாலும் ஓடக் கூடாது, அவன் ஓடினால் கூட்டமும் ஓடும். எல்லாவற்றுக்கும் மேலாக, படியில் கூட்டம் இறங்கும்போது அதற்கு எதிராக ஒரு ஆள்கூட ஏறக் கூடாது. பையை மறந்திருந்தாலும் சரி, கட்டிய மனைவியை மறந்திருந்தாலும் சரி, ஓரமாக ஒதுங்கி நின்று, எல்லாம் கரைந்த பிறகுதான் போக வேண்டும். இதில் யாருக்கும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு முறை மேயரே கைப்பேசியை விட்டுவிட்டு வந்து கெஞ்சினார். ஓரமாகத்தான் நின்றார்.

எல்லோரும் போன பிறகு அவர் படிகளில் தனியாக ஒரு நடை நடப்பார். ஒற்றைச் செருப்பு கிடக்கிறதா என்று பார்க்கத்தான். கிடந்தால் அந்த இடத்தில் யாரோ நெருக்கப்பட்டிருக்கிறார்கள். வேண்டுமென்று யாரும் ஒற்றைக் காலில் செருப்போடு வீட்டுக்குப் போவதில்லை அல்லவா. கிடந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தப் படிக்கு மேலேயும் கீழேயும் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நிற்பார்.

சரி, வாசல்காரர் என்ற பெயருக்கு வருவோம். அது அவர் மைத்துனர் வைத்த பெயர். மனைவியின் தம்பி, வாய் கொஞ்சம் நீளம். கல்யாணமான புதிதில் எல்லோருமாகச் சினிமாவுக்குப் போனார்கள். கொட்டகைக்குள் நுழைந்ததும் மாப்பிள்ளை திரையைப் பார்க்கவில்லை, கதவு எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தார். ஓரத்தில்தான் உட்காருவேன் என்றார். படம் முடிய இன்னும் ஒரு காட்சி இருக்கும்போது எழுந்து, புதுப் பெண்டாட்டியின் கையைப் பிடித்து, கூட்டம் கிளம்புவதற்குள் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். கதாநாயகி பிழைத்தாளா செத்தாளா என்று அந்தப் பெண் மறுநாள் தம்பியிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அன்றிலிருந்து அக்கா வீட்டுக்காரர் வாசல்காரர் ஆகிவிட்டார். பிறகு ஊருக்கே அப்படி ஆகிவிட்டது.

அந்த வீட்டில் யாரும் எதன் முடிவையும் பார்த்ததில்லை. கல்யாணத்துக்குப் போனால் மணமக்களை வழியனுப்பும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பள்ளி ஆண்டுவிழாவில் மகளுக்குப் பரிசு கொடுத்த கை காய்வதற்குள் குடும்பம் தெருமுனையில் ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருக்கும். மகள் வளர்ந்த பிறகு அப்பாவோடு எங்கும் வரமாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். மனைவிதான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து எழுந்து வந்தாள். ‘வாசல்காரருக்கு நேரமாச்சு’ என்று சிரித்துக்கொண்டே கைப்பையை எடுப்பாள். அவளுக்கு மட்டும் காரணம் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழைய மைதானத்தில், ஆட்டம் முடிந்து இறங்கிய கூட்டத்துக்குக் கீழே மடக்குக் கதவு பாதிதான் திறந்திருந்தது. மீதியைத் திறக்க வேண்டியவர் சாவியோடு வேறு எங்கோ இருந்தார். மேலே இருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது, வந்துகொண்டே இருந்தார்கள். வாசல்காரர் கதவுக்கு வெளியே நின்றார். கம்பி இடுக்கு வழியாக நீண்ட கைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார். சில கைகள் கொஞ்ச நேரத்தில் பிடியை விட்டுவிட்டன. அதற்குப் பிறகு செருப்புகளைச் சாக்கில் அள்ளினார்கள். இதை அவர் வாழ்க்கையில் ஒரே ஒருவரிடம், ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சொல்லும்போது அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எப்படி அவர் எழுந்தால் அவள் எழாமல் இருப்பாள்.

விஷயம் என்னவென்றால், அவளுக்குத்தான் கால்பந்து உயிர். பள்ளியில் பெண்கள் அணிக்குக் கோல்கீப்பர் கிடைக்காமல், உயரமாக இருக்கிறாள் என்று இவளை இழுத்துப்போய் நிறுத்தியிருந்தார்கள். படிப்பு நின்றதோடு அதுவும் நின்றது, ஆனால் பைத்தியம் தெளியவில்லை. ஆட்டம் என்றால் வீட்டில் வானொலி, பிற்பாடு டிவி. அவர் மைதானத்தில் நின்றுவிட்டு வந்து தூங்கி எழுந்ததும், காலையில் டீயை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்காருவார்கள். அதுதான் அவர்கள் வீட்டில் உண்மையான ஆட்டம். இடைவேளைக்கு அப்புறம் கிழக்குப் பக்கம் மொத்தமா எழுந்து, அப்புறம் தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்தாங்களே, என்ன ஆச்சு என்று அவர் கேட்பார். அது கம்பத்தில் பட்டுத் திரும்பிய பந்து என்று அவள் சொல்வாள். அந்தப் பக்கம் எப்படி உட்கார்ந்தார்கள், யார் அழுதார்கள் என்று அவள் கேட்பாள். அவர் சொல்வார். அவரிடம் முகங்கள் இருந்தன, அவளிடம் ஆட்டம் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு மாலை கிடைத்துவிடும். டீ ஆறிப்போகும், இன்னொன்று போடுவாள். சும்மா சொல்லக் கூடாது, சந்தோஷமான தம்பதிதான்.

அப்படி இருக்கும்போதுதான் உலகப் போட்டி இந்த ஊருக்கு வந்தது. மைதானத்தை இடித்துப் புதிதாகக் கட்டினார்கள். மடக்குக் கதவெல்லாம் போய், உள்ளேயிருந்து கை வைத்தாலே திறக்கும் கதவுகள் வந்தன. படிகளை அகலமாக்கினார்கள், நடுவே பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டார்கள். எந்தப் படியில் கூட்டம் திரும்பத் தயங்கும், எந்த மூலையில் ஆட்கள் நின்று நண்பர்களைத் தேடுவார்கள் என்று அதிகாரிகள் அவரையும் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்தார்கள். ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தி அனுப்ப ஆட்களைப் பழக்கினார்கள். வாசல்காரரை ஒரு பகுதிக்கே பொறுப்பாளர் ஆக்கினார்கள். மனிதர் பூரித்துப்போனார், ஆனால் தூக்கம் போய்விட்டது.

வேலை செய்கிறவர்களுக்கு வீட்டில் ஒருவருக்கு ஒரு பாஸ் என்று கொடுத்தார்கள். குலுக்கிப் போட்டதில் இவருக்கு இறுதி ஆட்டம் வந்தது.

வீட்டில் அதை மேசைமேல் வைத்தபோது அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். தொடவில்லை. திரும்ப அடுக்களைக்குப் போய், மறுபடி வந்து பார்த்தாள். அன்று சாப்பாட்டில் உப்பு இரண்டு தடவை விழுந்திருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. எத்தனையோ வருஷம் வானொலியில் கேட்டும் சின்னப் பெட்டியில் பார்த்தும் கழித்தவள், ஒரு ஆட்டத்தை, அதுவும் அந்த ஆட்டத்தை, நேரில் பார்க்கப்போகிறாள். அவளுடைய தம்பி வயிறெரிந்து, அக்கா, நீ போய் என்ன, பாதியில எழுந்து வரப்போற, என்னை அனுப்பு என்று சொல்லிப் பார்த்தான்.

“இந்த ஒண்ணை மட்டும் கடைசி வரைக்கும் பாத்துட்டு வரேன்,” என்றாள் அவள், தம்பியைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்து.

அவர் தலையை ஆட்டினார். ஒப்புக்கு ஆட்டிய தலை அது. ராத்திரி முழுக்கப் புரண்டு படுத்துவிட்டு, காலையில் மெதுவாக ஆரம்பித்தார். கடைசி வரைக்கும் வேண்டாம். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் போதும். உனக்கு நான் நிற்கிற இடத்துக்கு நேர் மேலே, படி ஓரத்து இருக்கை வாங்கிவிட்டேன். நான் தொப்பியைக் கழற்றினால் நீ எழுந்துவிடு. படி காலியாக இருக்கும், நீ சுகமாக இறங்கி ரயிலைப் பிடித்துவிடலாம். அவள் புடவையை மடித்துக்கொண்டே இருந்தாள். அவர் அடுத்து ஒன்று சொன்னார், அதைத்தான் அவர் பிற்காலத்தில் நினைத்து நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். நீ அந்தக் கூட்டத்தில் இருந்தால் நான் வேலை பார்க்க முடியாது, எனக்கு அந்தக் கைகள்தான் ஞாபகம் வரும் என்றார். இதைக் கேட்ட பிறகு எந்த மனைவியால் முடியாது என்று சொல்ல முடியும். சரி என்றாள்.

அன்று மைதானத்தில் எள் விழ இடமில்லை. அவர் தன் இடத்தில் நின்று, தன் பகுதி முழுவதையும் வழக்கம்போல வரிசை வரிசையாகப் பார்த்தார். ஆனால் ஒவ்வொரு தடவையும் கண் அந்தப் படி ஓரத்து இருக்கையில் வந்து ஒரு நிமிடம் இளைப்பாறியது. நீல நிறப் புடவை, மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கை. பந்து இந்தப் பக்கம் வந்தால் அவள் தோள் உயர்ந்தது, கை விரல்கள் விரிந்தன. கோல்கீப்பர் பழக்கம் எங்கே போகும். ஒரு தடவை தன்னை மறந்து பாதி எழுந்து பக்கத்திலிருந்தவர்மேல் விழுந்து மன்னிப்புக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவருக்கு முதல்முறையாக ஒரு ஆட்டம் முழுவதும் விளங்கியது. மனைவியின் முகத்தில் பார்த்து விளங்கியது. நாற்பது வயது குறைந்தவள் மாதிரி இருந்தாள். அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் கடைசிக் கட்டம் வந்தது. வெளிக் கதவுகள் எல்லாம் திறந்தாகிவிட்டது என்று வாக்கி-டாக்கியில் சொன்னார்கள். படிகளில் ஆட்கள் நிற்கிறார்கள், ரயில்கள் தயார். எங்கேயும் எந்தக் குறையும் இல்லை. இதை எல்லாம் காதில் வாங்கிக்கொண்டே அவர் தொப்பியைக் கழற்றினார்.

அவள் பார்த்துவிட்டாள். மெல்லத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. சின்னக் குழந்தை கெஞ்சுவது மாதிரி. அவர் தொப்பியை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். அவள் புல்தரையை ஒரு முறை பார்த்தாள், அவரை ஒரு முறை பார்த்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். படிவழியாக உள்ளே மறைந்தாள்.

அவள் போய் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. அவர் முதுகுக்குப் பின்னால் ஏதோ நடந்தது. கூட்டம் மொத்தமும் ஒரே மூச்சில் எழுந்தது. இப்படி எழுந்ததை அவர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் கண்ணாடி கழன்று விழுந்தது தெரியாமல் அழுதார். அத்தனை முகங்களுக்கும் நடுவில் படி ஓரத்தில் ஒரு இருக்கை மட்டும் காலியாக இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூட்டம் இறங்கியதே, அது தனிக் கதை. தண்ணீர் வடிவது போல வடிந்தது. யாரும் யாரையும் தள்ளவில்லை, பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். தோளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போனார்கள். ஊன்றுகோல் வைத்திருந்தவர்கூட நிதானமாக நின்று கைகாட்டிவிட்டுப் போனார். எல்லாம் முடிந்து அவர் படியில் நடந்து பார்த்தார். ஒற்றைச் செருப்பு இல்லை. ஒன்றுகூட இல்லை. மேலதிகாரி வந்து தோளைத் தட்டி, இந்தப் போட்டியிலேயே சுத்தமான பகுதி உன்னுடையதுதான் என்றார். எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அதைக் கேட்கும்போதே அவர் கண் அந்தப் படி ஓரத்து இருக்கைக்குப் போனது.

மறுநாள் காலையில் டீ வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பழக்கதோஷம், அவர் வாய் தானாகக் கேட்டுவிட்டது.

“கடைசியில மொத்தமா எழுந்தாங்களே, என்ன ஆச்சு?”

“எனக்கென்ன தெரியும்? நான் படியில இருந்தேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, யோசித்து, இன்னொன்றும் சொன்னாள்.

“அத்தனை பேரும் உங்களை நம்பித்தானே உக்காந்திருந்தாங்க. நீங்கதான் உங்களை நம்பல.”

அவர் ஒற்றைச் செருப்புகூடக் கிடைக்கவில்லை என்று சொல்லலாம் என்று நினைத்து வைத்திருந்தார். அதைச் சொன்னால் தன் வாயாலேயே தன் குற்றத்தை நிரூபித்த மாதிரி ஆகிவிடும். டீயைக் குடித்தார்.

அந்தக் கோலை அவள் பார்க்க மறுத்துவிட்டாள். டிவியில் வந்தால் வேறு ஏதாவது போடுவாள். நேரில் பார்க்கக் கிடைத்ததைப் பெட்டியில் போய்ப் பார்க்கவா என்று மகளிடம் சொன்னாளாம். அவள் பார்க்காததைத் தான் மட்டும் பார்ப்பது அவருக்கும் துரோகமாகத் தோன்றியது. டீக்கடையில் அது ஓடினால் பாதி டீயோடு எழுந்து வந்துவிடுவார். அங்கே வேலை பார்த்துவிட்டு அந்தக் கோலையே தெரியாதா என்று ஆட்கள் வாயைப் பிடுங்கினால் மழுப்பிவிட்டு நகர்வார். வீட்டில் சண்டை ஒன்றும் இல்லை. காலையில் டீயும் நிற்கவில்லை. பேச்சுதான் தேய்ந்துவிட்டது. நேற்றுக் கூட்டம் எப்படி என்று அவள் ஒரு வார்த்தை கேட்பாள், பரவாயில்லை என்பார் அவர். அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்களுக்குப் பாஸ் கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தார், கடைசி வரைக்கும் இரு என்று வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தார். முட்டி வலி என்று சொல்லிவிட்டாள். முட்டி வலி இருந்ததும் உண்மைதான்.

அவர் ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். பெண்கள் வார்டு, நான்காவது மாடி, இரவில் துணைக்கு யாரும் தங்கக் கூடாது. மாலையில் பார்வை நேரம், முடிந்தால் மணி அடிப்பார்கள். மணி அடித்ததும் எல்லா மாடியிலிருந்தும் ஆட்கள் பையும் ஃபிளாஸ்கும் பிள்ளைகளுமாகக் கிளம்புவார்கள். இருப்பது இரண்டு லிஃப்ட், அதில் ஒன்று எப்போதும் கெட்டுக் கிடக்கும். படியோ இரண்டு பேர் சேர்ந்து இறங்க முடியாத படி. முதல் நாளே அவர் எல்லாவற்றையும் பார்த்து வைத்துவிட்டார். மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்துவிடுவார். ‘வாசல்காரருக்கு நேரமாச்சு’ என்று அவள் பக்கத்துக் கட்டில் தையல்காரம்மாவிடம் சொல்லுவாள். அந்த அம்மா எதற்கென்று தெரியாமல் சேர்ந்து சிரிப்பாள்.

அடுத்த உலகப் போட்டி வேறு நாட்டில் ஆரம்பிக்க இருந்த சமயம். டிவியில் பழைய இறுதி ஆட்டங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் வார்டின் சுவர் டிவியில் அந்த ஆட்டம் ஓடியது. அவர் உள்ளே வரும்போதே அது பாதி தாண்டியிருந்தது. அவள் மாற்றச் சொல்லுவாள் என்று அவர் நர்ஸைக் கூப்பிடப் போனார். அவள் கையை அசைத்து வேண்டாம் என்றாள். தலையணையை நிமிர்த்தி வைக்கச் சொன்னாள். அவர் டிவிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவளைப் பார்த்து உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்துதான் அவருக்குப் பழக்கம். அவள் தோள் உயர்ந்தது, ஊசி குத்தியிருந்த கையின் விரல்கள் கொஞ்சம் விரிந்தன. 

கடைசிக் கட்டம் வந்தது. மணி அடிக்கும் நேரமும் வந்துகொண்டிருந்தது. எதிர்க் கட்டில்காரர்கள் பையை எடுக்க ஆரம்பித்தார்கள். கதவுக்கு வெளியே ஒரு சக்கர நாற்காலி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. அவருக்குக் கால் இருப்புக்கொள்ளவில்லை.

“இருங்க,” என்றாள் அவள். “இதை மட்டும் சேந்து பாத்துடலாம்.”

அவருக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. பழையபடி காலை டீயும் பேச்சும் திரும்பக் கிடைக்க இதைவிட நல்ல வழி உண்டா என்று தோன்றியது.

“நீ பாத்து வை. நாளைக்கு வந்து என்ன ஆச்சுன்னு கேக்கறேன். நீ சொல்லு.”

அவள் அவரையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு, அதில் குறை ஒன்றும் இல்லை. போய்ட்டு வாங்க என்றாள். அவர் மனம் நிறைந்துபோய், சக்கர நாற்காலியை ஓரமாகத் தள்ளி நிறுத்திவிட்டு, காலியான படியில் இறங்கினார்.

இரண்டு மாடி இறங்கியிருப்பார். எல்லா வார்டு டிவிகளிலும் ஒரே நேரத்தில் அந்தக் கூட்டத்தின் சத்தம் எழுந்தது. அது எந்தச் சத்தம் என்று அவருக்குத் தெரியாதா. கால் நின்றுவிட்டது. இப்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்ற நினைப்பு வந்து, கையைக் கம்பியில் வைத்துத் திரும்பினார். ஒரு படி ஏறவும் ஏறினார். மணி அடித்தது. மேலே இருந்து ஆட்கள் இறங்கத் தொடங்கினார்கள், பைகளும் பிள்ளைகளுமாக, படி அகலம் முழுக்க. இறங்கும் கூட்டத்துக்கு எதிராக ஏறக் கூடாது. மேயரையே நிறுத்தியவர் அல்லவா. ஓரமாக ஒதுங்கி, சுவரோடு ஒட்டி நின்று, எல்லோருக்கும் வழி விட்டார். கூட்டம் கரைந்தபோது மேலே வார்டுக் கதவைப் பூட்டிவிட்டார்கள். பரவாயில்லை, நாளைக்குத்தான் கேட்கப்போகிறோமே என்று இறங்கிப் போனார்.

விடியும்போது மருத்துவமனையிலிருந்து மகளுக்குத் தொலைபேசி வந்தது. தூக்கத்திலேயே போயிருந்தாள்.

எல்லாம் முடிந்து சில நாள் கழித்து, அவளுடைய சாமான்களை வாங்கிக்கொள்ள அவர் அந்த வார்டுக்குப் போனார். ஃபிளாஸ்க், சீப்பு, மூக்குக்கண்ணாடி, ஒரு போர்வை. அவள் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். தையல்காரம்மா மட்டும் அதே இடத்தில் இருந்தாள். அவரைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். அன்றைக்கு நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டம்மா என்ன குஷியாக இருந்தார்கள் தெரியுமா என்று ஆரம்பித்தாள். அவர் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“இதை நான் பாத்ததே இல்லை, ஆனா அன்னிக்கு அங்கதான் இருந்தேன்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல,” என்றாள் தையல்காரம்மா. “கோல் விழுந்ததும், அந்த ஆள் ரெண்டு அடி முன்னால வந்து நின்னிருக்கணும், நானா இருந்தா பிடிச்சிருப்பேன்னாங்க. ஊசி குத்தின கையைத் தூக்கிக் காட்டினாங்க. அப்புறம், நாளைக்கு அவர் வந்து கேப்பார், மறக்காம சொல்லணும்னு சொல்லிட்டுப் படுத்தாங்க.”

 டிவியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. கோல் எப்படி விழுந்தது, யார் அடித்தது, எந்தப் பக்கம் போனது என்று அவர் கேட்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

“அது விழுந்தப்ப அவ முகம் எப்படிம்மா இருந்துச்சு?”

தையல்காரம்மா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், பொய் சொல்லவும் அவளுக்கு மனசு வரவில்லை.

“தெரியலையேண்ணா. நான் டிவியைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அவர் தலையை ஆட்டினார். கோல் விழும்போது எல்லோரும் அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியாததா.